இரண்டு புராசசர்களை நியாயமாக ஒப்பிடுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

எங்கள் குழுவில் இரண்டு கணினிகளில் எது வேகம் என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அரை நாள் வேலை என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன். மூன்று வாரம் இழுத்தது. மூன்று பேர் சோதித்தோம், மூன்று விடை வந்தது. ஒவ்வொருவரும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றோம். கடைசியில் பார்த்தால், ஒரு லேப்டாப் சார்ஜரே செருகாமல் ஓடியிருக்கிறது. இன்னொன்றில் இருந்தது ஒரே ஒரு ராம் ஸ்டிக். அதுவரை எடுத்த எண்கள் அத்தனையும் குப்பைக்குப் போயின.

கீழே சொல்லும் வரிசையில் போனால் இரண்டு நாளில் முடித்துவிடலாம். முதல் நாள் முழுக்க எழுதுவதும் சரிபார்ப்பதும்தான். ஓட்டிப் பார்ப்பது இரண்டாம் நாள். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"எது வேகமான புராசசர்?" என்று கேட்டால் விடையே கிடையாது. ஒரு உதாரணம் பாருங்கள். ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ், 5800எக்ஸ்3டி இரண்டு புராசசருக்கும் உள்ளே ஒரே ஜென் 3 கோர்தான் (கோர் என்பது சிப்புக்குள் கணக்குப் போடும் தனி அலகு). இரண்டிலும் 8 கோர், 16 த்ரெட் (ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் வேலை இழைகள்). முதலாவதின் உச்ச கிளாக் (துடிப்பு வேகம்) 4.7 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 32 மெகாபைட். இரண்டாவதன் கிளாக் 4.5-க்கு இறங்கிவிடும், கேஷோ 96 மெகாபைட். ரெண்டரிங் (முப்பரிமாணக் காட்சியைப் படமாக்கும் வேலை) ஓட்டினால் 5800எக்ஸ் முந்தும். பல கேம்களில் 5800எக்ஸ்3டி முந்தும். எது வேகம் என்று இந்த இரண்டை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்கிறார்கள்.

அதனால் வேலையின் பெயரைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிடுங்கள். "எங்கள் புரோகிராமின் முழு பில்டு எதில் சீக்கிரம் முடியும்?" இது கேள்வி (பில்டு என்பது எழுதிய நிரலை ஓடும் புரோகிராமாக மாற்றுவது). "மூன்று மணி நேரம் தொடர்ந்து வீடியோ மாற்றினால் எது முந்தும்?" இதுவும் கேள்வி. இந்த வரியைச் சண்டை போடும் எல்லோரிடமும் காட்டி, சரி என்று சொல்ல வைத்த பிறகுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும். இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், வாய்ச்சண்டைக்கும் சேர்த்து.

2. எதைச் சமமாக வைப்பது?

நியாயம் என்று எல்லோரும் சொல்வது இதைப் பற்றித்தான், ஆனால் ஆளுக்கு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சமமாக வைக்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

விலையைச் சமமாக வைத்தால் அது வாங்குகிறவருடைய கேள்வி. அப்போது புராசசர் விலையை மட்டும் பார்க்காதீர்கள். மதர்போர்டு, ராம், கூலர் எல்லாம் கூட்டிய தொகைதான் கணக்கு. விலை மலிவான சிப்புக்கு விலை கூடிய போர்டு தேவைப்பட்டால் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும்.

மின்சாரத்தைச் சமமாக வைத்தால், அதாவது இரண்டையும் 65 வாட்டில் கட்டிப்போட்டு ஓட்டினால், அது வடிவமைப்பின் சிக்கனம் பற்றிய கேள்வி. லேப்டாப்புக்கும் நிறைய சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் பயன்படும்.

பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓட்டுவது மூன்றாவது வழி. பெரும்பாலானவர்கள் அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள், அதனால் இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஆனால் அப்போது நீங்கள் ஒப்பிடுவது புராசசரை அல்ல, முழுக் கணினியை. அதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

கிளாக்கைச் சமமாக வைத்து ஓட்டலாமே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். இரண்டையும் 4 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தினால், ஒரு கிளாக் துடிப்பில் எது அதிக வேலை முடிக்கிறது என்று தெரியும். படிப்பதற்குச் சுவாரசியமான எண்தான். வாங்குகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. உயர்ந்த கிளாக்கில் ஓடுவதற்கென்றே வடிவமைத்த சிப்பின் காலைக் கட்டிவிட்டு ஓடச் சொல்வது அது. கோர் எண்ணிக்கையைச் சமமாக வைப்பது இன்னும் மோசம். இன்டெல் கோர் ஐ9-13900கேயில் 24 கோர் என்று போட்டிருக்கும். அதில் 8 மட்டுமே பெரிய கோர், மற்ற 16 சிறியவை. இதன் 24-ஐயும் எல்லாமே பெரிய கோராக உள்ள இன்னொரு சிப்பின் 24-ஐயும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

3. ஆவணம்: ஒரு கணினிக்கு ஒரு தாள்

சோதனை தொடங்கும் முன் இந்தத் தாளை நிரப்புங்கள். ஒரு கணினிக்கு இருபது நிமிடம் போதும். பின்னால் யாராவது "அது எப்படி?" என்று கேட்டால் உங்களைக் காப்பாற்றப் போவது இது ஒன்றுதான்.

- புராசசரின் முழுப் பெயர், கடைசி எழுத்து வரைக்கும். கே, எச், யு என்று ஒரு எழுத்து மாறினாலே வேறு சிப்.
- பயாஸ் (மதர்போர்டில் உள்ள அடிப்படை மென்பொருள்) பதிப்பு, அதில் நீங்கள் தொட்ட ஒவ்வொரு அமைப்பும்.
- பவர் லிமிட் எண்கள் (அடுத்த படியில் விளக்கம்).
- ராம்: எத்தனை ஸ்டிக், எத்தனை சேனல், இப்போது உண்மையில் ஓடும் வேகம்.
- கூலர் எது, அறை வெப்பநிலை எவ்வளவு.
- இயங்குதளத்தின் பதிப்பு, கடைசி அப்டேட் தேதி.
- சோதிக்கும் புரோகிராமின் பதிப்பு. நீங்களே கம்பைல் செய்ததென்றால் (நிரலைச் சிப்புக்குப் புரியும் வடிவுக்கு மாற்றியதென்றால்) கம்பைலர் பதிப்பும் அதற்குக் கொடுத்த ஃபிளாகுகளும், அதாவது அமைப்புக் கட்டளைகளும்.

இந்த விவரங்களைப் பார்க்க விண்டோஸில் சிபியு-இசட், எச்டபிள்யுஇன்ஃபோ என்ற இரண்டு கருவிகள் போதும், இரண்டும் இலவசம். திரையை அப்படியே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையால் எழுதினால் ராம் வேகம் தப்பாகிவிடும். நான் பெட்டியில் அச்சடித்திருந்த எண்ணை எழுதினேன், கணினி அதற்கு வெகு கீழே ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்காதவரை பல ராம்கள் அச்சிட்ட வேகத்தில் ஓடுவதில்லை.

4. ஓட்டும் முன் சரிபார்க்க வேண்டிய கண்ணிகள்

மூன்று வாரத்தில் இரண்டு வாரத்தை இங்கேதான் தொலைத்தேன். நிதானமாகப் படியுங்கள்.

முதல் கண்ணி, பவர் லிமிட். இன்டெல் சிப்புகளுக்கு இரண்டு எண்கள் உண்டு: நீண்ட நேரம் தாங்கும் அளவு, கொஞ்ச நேரத்துக்கு எட்டக்கூடிய உச்சம். 13900கேக்கு அவை 125 வாட், 253 வாட். எவ்வளவு நேரம் உச்சத்தில் நிற்கலாம் என்பது பயாஸ் கையில் இருக்கிறது. சில மதர்போர்டுகள் வரம்பையே தூக்கிவிட்டு விற்பனைக்கு வந்தன. ஏஎம்டியிலும் இதே கதை வேறு பெயரில்: ரைசன் 9 7950எக்ஸின் அட்டையில் 170 வாட் என்றிருக்கும், சாக்கெட் கொடுக்கும் உச்சமோ 230 வாட். ஆக, அட்டையில் உள்ள 125-ஐயும் 170-ஐயும் பார்த்து "இது சிக்கனம்" என்று சொன்னால் முழுத் தப்பு. இரண்டு நிறுவனங்களும் அந்த எண்ணை ஒரே முறையில் கணக்கிடுவதும் இல்லை. பயாஸுக்குள் போய் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தாளில் எழுதுங்கள்.

லேப்டாப்பில் இது இன்னும் கூத்து. ஒரே பெயருள்ள சிப் ஒரு மெல்லிய லேப்டாப்பில் 15 வாட்டிலும் தடித்த லேப்டாப்பில் அதைப் போல இரண்டு மடங்கிலும் ஓடலாம். ஒரு லேப்டாப்பின் முடிவை வைத்து அந்தச் சிப்பையே புகழவோ திட்டவோ செய்யாதீர்கள்.

இரண்டாவது, சார்ஜரும் பவர் மோடும். இரண்டையும் சார்ஜரில் போடுங்கள். பவர் மோடு ஒன்றில் "சமநிலை", இன்னொன்றில் "உச்சத் திறன்" என்று இருந்தால் ஒப்பீடு அங்கேயே முடிந்தது.

மூன்றாவது, ராம் சேனல். ஒரே ஸ்டிக் போட்டால் ஒரு சேனல்தான் வேலை செய்யும். நினைவகத்திலிருந்து தரவு வரும் பாதை பாதியாகிவிடும். சினிபெஞ்ச் ஆர்23 போன்ற ரெண்டரிங் சோதனையில் இது கண்ணுக்கே தெரியாது, அதன் வேலை பெரும்பாலும் கேஷுக்குள்ளேயே முடிந்துவிடுவதால். பெரிய ஃபைல்களைச் சுருக்குவதிலும் கேம்களிலும் நன்றாகவே தெரியும். எங்கள் சண்டைக்குப் பாதிக் காரணம் இதுதான்: சினிபெஞ்ச் பார்த்தவருக்குக் குறையே தெரியவில்லை, 7-ஜிப் என்ற ஃபைல் சுருக்கும் புரோகிராமை ஓட்டிய எனக்குத் தெரிந்தது.

நான்காவது, இயங்குதளம். புதிதாக நிறுவிய விண்டோஸ் முதல் சில மணி நேரம் பின்னணியில் ஏதாவது இறக்கிக்கொண்டும் அட்டவணை போட்டுக்கொண்டும் இருக்கும். அது அடங்கும் வரை தொடாதீர்கள். முடிந்தால் ஓர் இரவு விட்டுவிடுங்கள். அப்டேட்டும் எண்ணை மாற்றும். 2018-இல் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற புராசசர் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்தபோது சில வேலைகள் மெதுவாயின. 2024-இல் விண்டோஸ் 11-க்கு வந்த ஒரு மாற்றம் புதிய ரைசன்களில் சில கேம்களை வேகமாக்கியது. போன வருட எண்ணையும் இன்று எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஐந்தாவது, மொழிபெயர்த்து ஓடும் புரோகிராம். ஏஆர்எம் சிப்பையும் (ஃபோன்களிலும் புதிய மேக்குகளிலும் இருக்கும் வகை) எக்ஸ்86 சிப்பையும் (மேலே சொன்ன இன்டெல், ஏஎம்டி வகை) ஒப்பிடும்போது, புரோகிராம் அந்தச் சிப்புக்கென்றே கம்பைல் ஆனதா அல்லது ரோசெட்டா 2 (எக்ஸ்86 புரோகிராமை ஆப்பிளின் ஏஆர்எம் சிப்பில் ஓட வைப்பது) போன்ற ஒரு மொழிபெயர்ப்பியின் வழியாக ஓடுகிறதா என்று பாருங்கள். நீங்கள் தினமும் பயன்படுத்தும் புரோகிராமே அப்படித்தான் கிடைக்கிறது என்றால் அந்த எண்ணும் செல்லும். ஆனால் அது சிப்பின் வேகம் இல்லை.

5. சோதனைகளும் செலவும்

உங்கள் சொந்த வேலைதான் முதல் சோதனை. செலவில்லை, மறுப்பவரும் இருக்க மாட்டார்கள். பில்டு ஓட்டுபவர் பில்டு ஓட்டுங்கள், கணக்குப் பார்ப்பவர் தன் கனமான எக்செல் ஃபைலைத் திறந்து நேரம் பாருங்கள். பொதுச் சோதனைகள் துணைக்குத்தான்.

சினிபெஞ்ச் இலவசம். ரெண்டரிங் மட்டுமே பார்க்கும். ஆர்23 பதிப்பில் பல கோர் சோதனை இயல்பாகப் பத்து நிமிடம் திரும்பத் திரும்ப ஓடும். அதைக் குறைக்காதீர்கள், சூடு ஏறுவது அப்போதுதான் தெரியும். ஆர்23 ஸ்கோரையும் சினிபெஞ்ச் 2024 ஸ்கோரையும் ஒப்பிட முடியாது, உள்ளே ரெண்டர் இன்ஜினே வேறு.

கீக்பெஞ்ச் 6 சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் 2500 என்பது கோர் ஐ7-12700 எடுக்கும் ஸ்கோர். மற்றதெல்லாம் அதை வைத்துக் கணக்கு. இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். இலவசப் பதிப்பு உங்கள் முடிவை இணையத்தில் ஏற்றிவிடும்; இன்னும் வெளிவராத அல்லது வெளியே சொல்லக் கூடாத கணினியில் ஓட்டிவிடாதீர்கள். இரண்டாவது, இதன் பல கோர் சோதனை ஒரே வேலையை எல்லாக் கோர்களுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறது. கோர் கூடக் கூட ஸ்கோர் அதே வேகத்தில் கூடாது. அது குறை அல்ல, அந்தச் சோதனை கேட்கும் கேள்வியே அது. வேலையில் 90 சதவீதத்தை மட்டும் பங்கு போட முடியும் என்றால் 8 கோரில் கிடைப்பது ஏறக்குறைய 4.7 மடங்கு வேகம், 16 கோரில் 6.4 மடங்கு. எத்தனை கோர் போட்டாலும் 10 மடங்கைத் தாண்டாது.

7-ஜிப்புக்குள்ளேயே ஒரு பெஞ்ச்மார்க் உண்டு, பிளெண்டர் என்ற முப்பரிமாணப் பட மென்பொருளுக்குத் தனியாக ஒன்று உண்டு, லினக்ஸில் ஃபொரோனிக்ஸ் டெஸ்ட் சூட் உண்டு. மூன்றும் இலவசம்.

ஸ்பெக் என்ற அமைப்பின் சிபியு 2017 சோதனைத் தொகுப்பு காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டியது. 43 புரோகிராம்கள், உங்கள் கம்பைலரில் நீங்களே கம்பைல் செய்து ஓட்ட வேண்டும். பல மணி நேரம் ஓடும். புதியவர்கள் இதை வாங்க வேண்டாம். நிறுவனங்கள் வெளியிட்ட முடிவுகளை ஸ்பெக் தளத்தில் சும்மாவே படிக்கலாம். படிக்கும்போது "பேஸ்" எண்ணை "பேஸ்" எண்ணோடும், "ரேட்"டை "ரேட்"டோடும் மட்டும் வையுங்கள். "பேஸ்" என்பது எல்லாப் புரோகிராமையும் ஒரே பொது அமைப்பில் கம்பைல் செய்து எடுத்த எண். "ரேட்" என்பது ஒரே நேரத்தில் பல பிரதிகள் ஓட்டி எவ்வளவு வேலை முடிகிறது என்று பார்ப்பது. "ஸ்பீட்" ஒரு வேலை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று பார்ப்பது. கம்பைலர் வரியையும் விடாதீர்கள். 2024-இல் ஸ்பெக் அமைப்பு 2,600-க்கும் மேற்பட்ட முடிவுகளைச் செல்லாதவை என்று குறித்தது. இன்டெல்லின் கம்பைலர், அந்தத் தொகுப்பில் உள்ள ஒரு குறிப்பிட்ட புரோகிராமை முன்கூட்டியே அறிந்து அதற்கென்றே வேகம் கூட்டியது என்பதுதான் காரணம். வினாத்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதிய கதை.

6. ஓட்டும் முறையும் நேரமும்

முதலில் ஒருமுறை முன்னோட்டமாக ஓட்டுங்கள், அது எண்ணில் சேராது. பிறகு ஐந்து முறை. ஐந்தையும் வரிசைப்படுத்தி நடுவில் வருவதை, அதாவது இடைநிலை அளவை எடுங்கள். நன்றாக வந்த ஒன்றைப் பொறுக்கி எடுக்காதீர்கள். லினக்ஸில் ஹைப்பர்ஃபைன் என்ற சின்னக் கருவி முன்னோட்டம், திரும்ப ஓட்டுதல் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும்.

பன்னிரண்டு நிமிட பில்டு என்றால் ஆறு ஓட்டம், இரண்டு கணினி, இடையில் ஐந்தைந்து நிமிட இடைவெளி: மூன்றரை மணி நேரம். காலையில் தொடங்குங்கள். மதியம் அறை சூடேறிவிட்டால் இரண்டாவது கணினிக்குத்தான் நட்டம். முடிந்தால் ஒரு ஓட்டம் இதில், ஒரு ஓட்டம் அதில் என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

எண்களை எடுத்த வரிசையிலேயே எழுதி வையுங்கள். என் மெல்லிய லேப்டாப்பில் இடைவெளி விடாமல் ஓட்டியபோது கிடைத்தவை இவை: 11:42, 11:58, 12:31, 13:05, 13:07. படிக்கட்டு ஏறுவது போல இருக்கிறதல்லவா? சூட்டில் கிளாக் இறங்கிக்கொண்டே வந்து, கடைசி இரண்டில் ஓர் இடத்தில் நின்றிருக்கிறது. முதலுக்கும் கடைசிக்கும் 12 சதவீத வித்தியாசம். இங்கே நடு எண்ணான 12:31 எதையுமே சொல்லவில்லை. இப்படி வந்தால் இரண்டு எண் எழுதுங்கள்: குளிர்ந்த நிலையில் ஒன்று, சூடேறி நிலைத்த பிறகு ஒன்று. ஒரு நாளைக்கு இரண்டு பில்டு போடுபவருக்கு முதல் எண், நாள் முழுக்க ஓட்டுபவருக்கு இரண்டாவது.

கேமில் ஒப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: படத்தின் அளவை 1080க்கு இறக்கி, இரண்டிலும் ஒரே வலுவான கிராபிக்ஸ் கார்டைப் போடுங்கள். 4கேயில் ஓட்டினால் கார்டுதான் மூச்சு வாங்கும், இரண்டு புராசசரும் ஒரே எண்ணைக் காட்டும்.

7. கூட்டிச் சொல்லும்போது ஏமாறாதீர்கள்

இரண்டு சோதனை எடுத்தோம் என்று வையுங்கள். முதலாவதில் 'ஆ' கணினி 'அ'வைப் போல இரண்டு மடங்கு வேகம். இரண்டாவதில் பாதி வேகம். 'ஆ'வின் விகிதங்கள் 2, 0.5, கூட்டுச் சராசரி 1.25. 'ஆ' 25 சதவீதம் வேகம்! இப்போது 'அ'வின் பக்கத்திலிருந்து பாருங்கள்: விகிதங்கள் 0.5, 2, சராசரி அதே 1.25. இப்போது 'அ' 25 சதவீதம் வேகம்! ஒரே எண்களை வைத்து இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள். எங்கள் குழுவில் இது நிஜமாகவே நடந்தது, இரண்டு நாள் யாருக்கும் புரியவில்லை. விகிதங்களைச் சேர்க்கும்போது பெருக்குச் சராசரி எடுங்கள்: 2-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 1, அதன் வர்க்கமூலமும் 1. யாரும் ஜெயிக்கவில்லை. ஸ்பெக்கும் பெருக்குச் சராசரிதான் பயன்படுத்துகிறது.

சதவீதமும் வழுக்கும். 100 வினாடி எடுத்தது 80 ஆனால் நேரம் 20 சதவீதம் குறைந்தது, வேகம் 25 சதவீதம் கூடியது. இரண்டும் உண்மை. எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள், எல்லாச் சோதனைக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கணினியில் ஐந்து ஓட்டத்துக்குள்ளேயே 3 சதவீதம் ஏறி இறங்கினால், இரண்டு கணினிகளுக்கு நடுவே வரும் 2 சதவீதம் வித்தியாசமே இல்லை. "சமம்" என்று எழுதுங்கள். எழுதக் கை வராது, தெரியும்.

8. மின்சாரக் கணக்கு

வாட்டை மட்டும் பார்த்தால் போதாது. ஒன்று 200 வாட்டில் 60 வினாடியில் முடித்தால் 12,000 ஜூல். இன்னொன்று 120 வாட்டில் 90 வினாடி என்றால் 10,800 ஜூல். மெதுவானது கொஞ்சம் சிக்கனம். ஆனால் வேகமானது வேலை முடிந்த பிறகு மிச்ச 30 வினாடி சும்மா இருக்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்பதையும் சேர்த்து, இரண்டையும் ஒரே 90 வினாடிக்குக் கணக்கிட வேண்டும். சுவர் பிளக்கில் செருகும் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலைக்குச் செய்யத்தக்க ஒரே செலவு அதுதான். மென்பொருள் காட்டும் வாட் புராசசருக்கு மட்டுமானது. ராம், போர்டு, பவர் சப்ளையில் வீணாவது எதுவும் அதில் வராது.

9. முடிவை எப்படிக் கொடுப்பது

ஒரு பக்கம் போதும். மேலே முதல் படியில் எழுதிய கேள்வி, அடுத்து எதைச் சமமாக வைத்தீர்கள் என்ற வரி, பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் தனி எண், அதன் பக்கத்தில் அதிகமானால் நல்லதா குறைந்தால் நல்லதா என்ற குறிப்பு. ஒட்டுமொத்த எண் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதைக் கடைசியில் போடுங்கள். முதலில் போட்டால் வேறு எதையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

மூன்றாம் படித் தாள்களையும் ஐந்து ஓட்டங்களின் மூல எண்களையும் அதே ஃபைலில் இணைத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து மூன்றாவது கணினி ஒன்று வரும், "இதையும் பட்டியலில் சேர்த்துவிடு" என்பார்கள். அப்போது பழைய கணினியில் ஒரு சோதனையை மட்டும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். பழைய எண்ணோடு ஒத்து வந்தால் புதியதை அப்படியே சேர்க்கலாம். வராவிட்டால் இடையில் ஏதோ அப்டேட் புகுந்திருக்கிறது. மூன்றையும் முதலிலிருந்து ஓட்டுங்கள், ஒரு முழு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு.